கணக்கைக் கொடுத்ததும் குற்றமா?

ஒரு காட்சியைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். டிசம்பர் பள்ளி விடுமுறை. 16 வயது மாணவன் ஒருவனின் கைப்பேசிக்கு டெலிகிராமில் ஒரு செய்தி வருகிறது. “வங்கிக் கணக்கு ஒன்று ஒரு வாரத்துக்கு மட்டும் தேவை. 300 வெள்ளி தருகிறோம். நீங்கள் எதுவும் செய்ய வேண்டியதில்லை.”

அவன் தன் வங்கி அட்டையையும் இணைய வங்கிச் சேவைக்கான மறைச்சொல்லையும் கொடுத்துவிடுகிறான். சொன்னபடி 300 வெள்ளி வந்து சேர்கிறது. புதிய காலணி வாங்குகிறான். இரண்டு மாதம் கழித்து, ஒரு சனிக்கிழமை காலையில் வீட்டுக் கதவு தட்டப்படுகிறது. அம்மா திறக்கிறார். வெளியே காவல்துறை அதிகாரிகள் இருவர். அவனுடைய கணக்கின் வழியாக 48,000 வெள்ளி போயிருக்கிறது என்கிறார்கள்.

அந்தப் பணம் தீவின் இன்னொரு முனையில் வாழும் ஓய்வுபெற்ற துப்புரவுத் தொழிலாளி ஒருவருடையது. வங்கி அதிகாரி என்று சொல்லித் தொலைபேசியில் பேசிய குரலை நம்பி, பல ஆண்டுச் சேமிப்பைத் தம் கையாலேயே அவர் மாற்றிவிட்டார்.

மாணவன் கேட்கிறான்: “நான் யாரிடமும் ஒரு காசுகூடத் திருடவில்லையே! பிறகு நான் எப்படிக் குற்றவாளி ஆவேன்?”

இந்தக் காட்சி கற்பனை. ஆனால், இதுபோன்ற வழக்குகள் உண்மையிலேயே நடக்கின்றன. மாணவனின் கேள்வியும் நியாயமானதுதான். அதற்குப் பதில் காண, குற்றத்தை இரண்டு பக்கங்களிலிருந்து பார்க்க வேண்டும். ஒன்று நீதிமன்றத்தின் பக்கம்: ‘எந்தச் சட்டம் மீறப்பட்டது? மீறியவர் யார்?’ மற்றொன்று சமூகவியலின் பக்கம்: ‘இந்தக் குற்றம் ஏன் இங்கே, இப்போது, இவ்வளவு நடக்கிறது?’ இந்த வாரம் இரண்டையும் பார்ப்போம்.

தவறு வேறு, குற்றம் வேறு

நண்பனிடம் பொய் சொல்வது தவறு. பெற்றோரை மதிக்காமல் பேசுவதும் தவறு. ஆனால், இவற்றுக்காக யாரும் நம்மைக் கைது செய்வதில்லை. மறுபக்கம், சூயிங்கம் மெல்வதில் ஒழுக்கக்கேடு எதுவும் இல்லை. ஆனாலும் 1992ஆம் ஆண்டு முதல் அதைச் சிங்கப்பூருக்குள் விற்பனைக்குக் கொண்டுவருவது சட்டவிரோதம்.

ஆக, ஒரு செயல் குற்றமாவதற்கு அது கெட்டதாக இருந்தால் மட்டும் போதாது. அதைத் தடைசெய்யும் சட்டம் ஒன்று இருக்க வேண்டும். மீறினால் தண்டனை என்று அந்தச் சட்டம் சொல்ல வேண்டும். செயல் நடந்த நேரத்தில் சட்டமே இல்லையென்றால், பின்னர் சட்டம் இயற்றி அதற்காகத் தண்டிக்க முடியாது. நாட்டின் அரசமைப்புச் சட்டம் குடிமக்களுக்குத் தரும் பாதுகாப்புகளில் இதுவும் ஒன்று.

சட்டம் மாறும்போது குற்றங்களின் பட்டியலும் மாறுகிறது. ஒருவரைத் துன்புறுத்தும் நோக்கத்துடன் அவருடைய முகவரி, தொலைபேசி எண் போன்றவற்றை இணையத்தில் வெளியிடுவது சிங்கப்பூரில் 2020 முதல் குற்றம். நம் தாத்தா காலத்தில் அப்படி ஒரு குற்றமே இல்லை. சமூகத்தின் வாழ்க்கை மாறியது. எது தீங்கு என்ற எண்ணமும் மாறியது. சட்டம் பின்னாலேயே வந்து சேர்ந்தது.

பிரெஞ்சு சமூகவியலாளர் எமில் துர்கைம் 1895ல் வெளியிட்ட நூலில் ஒரு வியப்பான கருத்தைச் சொன்னார். குற்றமே இல்லாத சமூகம் உலகில் இல்லை என்பதே அது. துறவிகள் மட்டுமே வாழும் ஒரு மடத்தை நினைத்துக்கொள்ளச் சொன்னார். அங்கே கொலையும் களவும் இருக்காது. ஆனால், வெளியுலகம் பொருட்படுத்தாத சிறு பிழைகூட அங்கே பெருங்குற்றமாகத் தெரியும். எல்லாச் சமூகமும் தனக்கென ஒரு கோடு கிழிக்கிறது. அந்தக் கோட்டைத் தாண்டுவோரும் இருக்கிறார்கள். கோடு எங்கே இருக்கிறது என்று பார்த்தால், அந்தச் சமூகம் எதை மதிக்கிறது என்பது தெரியும்.

வழக்குத் தொடுப்பவர் யார்?

கடன் வாங்கிய ஒருவர் திருப்பிக் கொடுக்கவில்லை என்று வைத்துக்கொள்வோம். கொடுத்தவர் வழக்குத் தொடுக்கலாம். அது இருவருக்கு இடையிலான உரிமை வழக்கு. முடிவில் பணமோ இழப்பீடோ கிடைக்கும். யாரும் சிறை செல்வதில்லை.

குற்றவியல் வழக்கு அப்படியல்ல. பணத்தை இழந்தவர் அந்த மூதாட்டி. ஆனால், நீதிமன்றத்தில் வழக்கை நடத்துவது அரசுத் தரப்பு வழக்குரைஞர். ஏன்? குற்றம் ஒருவருக்கு மட்டும் இழைக்கப்படும் தீங்கு அன்று என்று சட்டம் கருதுகிறது. ஒரு மூதாட்டி ஏமாற்றப்பட்டால், வங்கியிலிருந்து உண்மையாகவே வரும் அழைப்பையும் மற்றவர்கள் சந்தேகிக்கத் தொடங்குகிறார்கள். காவல்துறை அதிகாரி அழைத்தாலும் தொலைபேசியை வைத்துவிடுகிறார்கள். ஒருவரையொருவர் நம்பி வாழும் பழக்கம் தேய்கிறது. அந்த இழப்பு எல்லாருக்கும் உரியது. அதனால்தான் எல்லார் சார்பிலும் அரசு வழக்குத் தொடுக்கிறது.

செயலும் மனமும்

பெரும்பாலான குற்றங்களை நிரூபிக்க நீதிமன்றம் இரண்டைத் தேடும். முதலாவது, தடைசெய்யப்பட்ட செயல் நடந்ததா? இரண்டாவது, அதைச் செய்தபோது மனநிலை என்ன? வேண்டுமென்றே செய்தாரா, தெரிந்தே செய்தாரா, ஆபத்து இருப்பதை உணர்ந்தும் துணிந்தாரா, கவனமில்லாமல் இருந்தாரா? பேருந்தில் வேறொருவரின் பையைத் தன்னுடையது என்று உண்மையாகவே எண்ணி எடுத்துச் சென்றவர் திருடர் அல்லர். செயல் ஒன்றுதான், மனம் வேறு.

வயதும் இதில் சேர்கிறது. சிங்கப்பூரில் 10 வயதுக்குக் குறைந்த குழந்தை செய்வது எதுவும் குற்றமாகாது. 10 வயதுக்கு மேல், 12 வயதுக்குள் இருந்தால், தன் செயலின் தன்மையையும் விளைவையும் புரிந்துகொள்ளும் முதிர்ச்சி இருந்ததா என்று பார்க்கப்படும். 16 வயதுக்குக் குறைந்தவர்களின் வழக்குகள் பொதுவாக இளையர் நீதிமன்றத்துக்குச் செல்லும். நம் காட்சியில் வரும் மாணவனுக்கு 16 வயது நிறைந்துவிட்டது. அவன் அந்தக் கோட்டைத் தாண்டிவிட்டான்.

மூதாட்டியை ஏமாற்றியவர் செய்தது மோசடி. தண்டனைச் சட்டத் தொகுப்பின் 420ஆம் பிரிவின்படி அதற்குப் பத்தாண்டு வரை சிறையும் அபராதமும் விதிக்கலாம். இந்த எண் உங்களுக்குப் பழக்கமானதாக இருக்கலாம். வீட்டில் பெரியவர்கள் ஏமாற்றுக்காரரை ‘ஃபோர் ட்வென்டி’ என்று சொல்லக் கேட்டிருப்பீர்கள். 1860ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டத் தொகுப்பிலிருந்து வந்த வழக்கு அது. அந்தத் தொகுப்பை அடியொற்றித்தான் 1871ல் நீரிணைக் குடியேற்றங்களுக்கான சட்டம் இயற்றப்பட்டது. அதனால் சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் இன்றும் அதே எண். இந்தியாவில் 2024 ஜூலை மாதம் புதிய சட்டம் நடப்புக்கு வந்ததும் எண் 318 ஆகிவிட்டது. பிறந்த இடத்தில் போய்விட்ட 420 இங்கே நீடிக்கிறது!

சரி, மாணவனின் நிலை என்ன? அவன் மூதாட்டியிடம் பேசவே இல்லை. அவருடைய பெயர்கூட அவனுக்குத் தெரியாது. அவன் கொடுத்தது கணக்கை மட்டும்.

மலாய் மொழியில் இத்தகைய கணக்கை ‘அக்காவுன் கெல்டாய்’ என்பார்கள். கெல்டாய் என்றால் கழுதை. வேறொருவரின் பணமூட்டையை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குச் சுமப்பதால் இந்தப் பெயர். மோசடிக்காரர்கள் பலர் வெளிநாட்டில் இருக்கிறார்கள். இங்கே ஏமாந்தவரின் பணம் அவர்களைச் சென்றடைய, உள்ளூர்க் கணக்கு ஒன்று தேவை. அது அவர்கள் பெயரில் இருக்கக்கூடாது. ஆகவே, கழுதைக் கணக்கு இல்லையென்றால் பெரும்பாலான மோசடிகள் பாதி வழியிலேயே நின்றுவிடும்.

இதில் சட்டத்துக்கு நெடுநாளாக ஒரு சிக்கல் இருந்தது. “அது குற்றப் பணம் என்று எனக்குத் தெரியாது” என்று கணக்கைக் கொடுத்தவர் சொல்லிவிட்டால், அவருடைய மனநிலையை நிரூபிப்பது கடினம். 2020 முதல் 2022 வரை இப்படிப் பணம் சுமந்ததன் தொடர்பில் 19,000க்கும் மேற்பட்டோரைக் காவல்துறை விசாரித்தது. அவர்களில் வழக்கை எதிர்கொண்டவர்கள் 250 பேருக்கும் குறைவு.

எனவே 2023ல் நாடாளுமன்றம் சட்டங்களைத் திருத்தியது. 2024 பிப்ரவரியில் அவை நடப்புக்கு வந்தன. இப்போது கள்ளப் பணத்தைக் கைமாற்ற உதவியவருக்கு அது குற்றப் பணம் என்று திட்டவட்டமாகத் தெரிந்திருக்க வேண்டும் என்பதில்லை. சந்தேகம் எழுந்தும் துணிந்து கொடுத்திருந்தால் ஐந்தாண்டு வரை சிறை. சாதாரண அறிவுள்ள எவரும் கவனித்திருக்கக்கூடிய அறிகுறிகளைக் கவனிக்காமல் விட்டிருந்தால் மூன்றாண்டு வரை சிறை. பெருந்தொகை அபராதமும் உண்டு. குற்றத்துக்குப் பயன்படும் என்று தெரிந்தும், அல்லது அப்படிச் சந்தேகிக்கக் காரணம் இருந்தும், சிங்பாஸ் விவரங்களைக் கொடுப்பதும் தனிக் குற்றம். 15 வயதிலேயே சிங்பாஸ் கணக்கு பெறலாம் என்பதை மறக்க வேண்டாம். உயர்நிலை மூன்றாம் வகுப்பு மாணவரிடமும் மோசடிக்காரர் விலைக்குக் கேட்கும் பொருள் ஒன்று இருக்கிறது.

‘ஒன்றும் செய்யாமல் 300 வெள்ளி’ என்பதே ஓர் அறிகுறிதான். தன் பெயரில் கணக்குத் திறக்க எவராலும் முடியும் என்னும்போது, முன்பின் தெரியாத ஒருவர் ஏன் பள்ளி மாணவனின் கணக்கைக் காசு கொடுத்து வாங்குகிறார்? இந்த ஒரு கேள்வியை அவன் தன்னையே கேட்டிருக்க வேண்டும் என்பதுதான் சட்டத்தின் எதிர்பார்ப்பு.

சமூகவியலின் கேள்வி

மாணவனைத் தண்டித்துவிட்டால் கதை முடிந்ததா? முடியவில்லை என்பதை எண்கள் காட்டுகின்றன.

சிங்கப்பூர்க் காவல்துறையின் புள்ளிவிவரப்படி, 2024ல் திருட்டு, வீடு புகுதல், தாக்குதல் போன்ற நேரடிக் குற்றங்கள் 19,969. அதே ஆண்டில் பதிவான மோசடிகள் 51,501. கணக்குப் போட்டுப் பாருங்கள்: ஏறத்தாழ 10 நிமிடத்துக்கு ஒரு மோசடி. இழந்த தொகை குறைந்தது 1.1 பில்லியன் வெள்ளி. நாளொன்றுக்குச் சராசரியாக மூன்று மில்லியன்.

நாட்டில் கெட்டவர்கள் திடீரென்று பெருகிவிட்டார்களா? அப்படியானால் வீட்டுத் திருட்டும் வழிப்பறியும் சேர்ந்து பெருகியிருக்க வேண்டுமே! 2023ல் நேரடிக் குற்றங்கள் 19,966. அடுத்த ஆண்டு மூன்றே மூன்று கூடின. மோசடிகளோ 46,563லிருந்து 51,501க்கு ஏறின. தனிமனிதர்களின் குணத்தை மட்டும் பார்த்தால் இதை விளக்க முடியாது.

இங்கே நமக்கு உதவுவது 1979ல் அமெரிக்கச் சமூகவியலாளர்கள் லாரன்ஸ் கோஹன், மார்க்கஸ் ஃபெல்சன் இருவரும் முன்வைத்த கோட்பாடு. இரண்டாம் உலகப் போருக்குப் பின் அமெரிக்காவில் மக்களின் வருமானமும் கல்வியும் உயர்ந்தன. ஆனால், 1960களில் குற்றங்களும் உயர்ந்தன. வறுமைதான் குற்றத்துக்கு வேர் என்றால் இது எப்படி நடக்கும்?

அவர்கள் மக்களின் அன்றாட வாழ்க்கையை ஆராய்ந்தார்கள். பெண்கள் பெருமளவில் வேலைக்குச் செல்லத் தொடங்கியதால், பகல் வேளையில் வீடுகள் ஆளின்றிக் கிடந்தன. பொருள்களும் மாறின. 1960ல் விற்ற மிக இலேசான தொலைக்காட்சிப் பெட்டி சுமார் 17 கிலோ எடை கொண்டது. 1970ல் அது சுமார் 7 கிலோவாகக் குறைந்தது. திருடர்கள் மாறவில்லை, திருடுவது எளிதாகிவிட்டது.

ஒரு குற்றம் நடக்க மூன்று ஒரே நேரத்தில் ஒன்றுசேர வேண்டும் என்றார்கள் அவர்கள். குற்றம் செய்ய விரும்பும் ஒருவர். அவருக்குத் தோதான இலக்கு. தடுக்கக்கூடிய காவல் இல்லாத நிலை. முக்கோணத்தின் மூன்று பக்கங்களைப்போல, ஒன்றை எடுத்துவிட்டாலும் வடிவம் குலைந்துவிடும். கவனியுங்கள்: இங்கே ‘காவல்’ என்றால் காவல்துறை மட்டுமன்று. திறந்திருக்கும் சன்னல், எதிர்வீட்டுப் பாட்டி, வாசல் விளக்கு எல்லாமே காவல்தான்.

இந்த முக்கோணத்தைச் சிங்கப்பூர்மீது வைத்துப் பாருங்கள். வீட்டுக்கு இரும்புக் கதவு இருக்கிறது. மின்தூக்கித் தளத்தில் கண்காணிப்புக் கேமரா இருக்கிறது. வீட்டில் ரொக்கமும் குறைந்துவிட்டது. எனவே திருடன் வீடு புகுவது கடினம். ஆனால், சேமிப்பு முழுவதும் கைப்பேசிக்குள் வந்துவிட்டது. கடல் கடந்து இருப்பவர்கூட அந்தக் கைப்பேசியின் கதவை எந்நேரமும் தட்டலாம். அங்கே எதிர்வீட்டுப் பாட்டி இல்லை. 2024ல் பதிவான மோசடிகளில் 80 விழுக்காட்டுக்கும் மேற்பட்டவற்றில், ஏமாந்தவர் தாமாகவே பணத்தை மாற்றினார். பூட்டு உடைக்கப்படவில்லை, உள்ளே இருந்தவரே திறந்துவிட்டார்.

‘முதியவர்கள்தானே ஏமாறுகிறார்கள்’ என்று எண்ண வேண்டாம். அந்த ஆண்டு ஏமாந்தவர்களில் சுமார் 70 விழுக்காட்டினர் 50 வயதுக்குக் குறைந்தவர்கள். இணையத்தில் அதிக நேரம் இருப்பவர்தான் அதிகம் அகப்படுகிறார்.

குற்றவாளி என்றாலே ஏழை, படிக்காதவர் என்ற எண்ணத்தையும் கைவிட வேண்டும். எட்வின் சதர்லாந்து என்ற அமெரிக்கச் சமூகவியலாளர் 1939லேயே அதைக் கேள்விக்குள்ளாக்கினார். மதிப்புமிக்க பதவியில் இருப்பவர்கள் தங்கள் தொழிலைப் பயன்படுத்திச் செய்யும் குற்றங்களுக்கு ‘வெள்ளைக் காலர் குற்றம்’ என்ற பெயரைத் தந்தவர் அவர்.

தொலைபேசியின் மறுமுனையில் பேசியவரைப் பற்றியும் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். 2023 ஆகஸ்டில் ஐக்கிய நாடுகளின் மனித உரிமை அலுவலகம் ஓர் அறிக்கை வெளியிட்டது. மியன்மாரில் குறைந்தது 120,000 பேரும் கம்போடியாவில் சுமார் 100,000 பேரும் கட்டாயத்தின்பேரில் இணைய மோசடியில் ஈடுபடுத்தப்பட்டிருக்கலாம் என்று அது மதிப்பிட்டது. நல்ல வேலை என்ற விளம்பரத்தை நம்பிச் சென்று, கடப்பிதழ் பறிக்கப்பட்டு, அடைத்துவைக்கப்பட்டவர்கள் அவர்கள். அப்படி அகப்பட்டு மீட்கப்பட்டவர்களில் மலேசியர்களும் உண்டு. தமிழ்நாட்டு இளைஞர்களும் உண்டு. சங்கிலியின் ஒரு முனையில் ஏமாந்த மூதாட்டி. மறுமுனையில் பேசுபவரும் சில வேளைகளில் ஏமாற்றப்பட்டவர். இலாபம் போவது இருவரையும் பார்க்காத ஒரு கும்பலுக்கு.

ஐந்து சாக்குகள்

இப்போது மாணவனிடம் திரும்புவோம். அவன் கெட்டவன் அல்லன். பள்ளியில் நல்ல பெயர் உண்டு. திருடுவது தவறு என்று அவனுக்குத் தெரியும். பிறகு ஏன் செய்தான்?

1957ல் கிரெஷம் சைக்ஸ், டேவிட் மாட்ஸா என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் இளையர் குற்றங்களைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார்கள். சட்டத்தை மீறும் இளையர்களில் பெரும்பாலோர் சரி எது, தவறு எது என்று அறியாதவர்கள் அல்லர் என்பது அவர்கள் கருத்து. அறிந்த நெறியைக் கொஞ்ச நேரத்துக்கு ஓரமாக வைக்க மனம் சில சமாதானங்களைத் தேடிக்கொள்கிறது. அவை ஐந்து வகை. மாணவனின் வாயிலிருந்தே கேட்போம்:

1. பொறுப்பை மறுத்தல்: “நான் ஒன்றும் செய்யவில்லை. அவர்கள்தான் கணக்கைப் பயன்படுத்தினார்கள்.”

2. தீங்கை மறுத்தல்: “ஒரு வாரம்தானே! யாருக்கும் நட்டம் இல்லை.”

3. பாதிக்கப்பட்டவரை மறுத்தல்: “முன்பின் தெரியாதவருக்குப் பணம் அனுப்பியது அந்த அம்மாவின் தவறு.”

4. கண்டிப்பவரைக் கண்டித்தல்: “பெரிய பெரிய ஆட்களெல்லாம் கோடிக்கணக்கில் ஏமாற்றுகிறார்கள். என்னைப் பிடிக்க மட்டும் வந்துவிட்டார்கள்.”

5. உயர்ந்த விசுவாசத்தைக் காட்டுதல்: “நண்பன் கேட்டான். எப்படி மறுப்பது?”

இவற்றில் எதையாவது நீங்களும் சொன்னதுண்டா? தேர்வில் பார்த்து எழுதும்போதும், கடையில் சிறு பொருளை எடுக்கும்போதும், ஒருவரைக் கேலி செய்யும் படத்தைப் பகிரும்போதும் இதே ஐந்தும்தான் வரும். இவை செயலுக்குப் பிறகு மட்டும் வருவதில்லை; பெரும்பாலும் செயலுக்கு முன்பே வந்து வழிவிடுகின்றன. இதுதான் சைக்ஸும் மாட்ஸாவும் கண்ட முக்கியமான உண்மை. அதனால் ஒரு நன்மையும் உண்டு. மனத்துக்குள் இந்தக் குரல் கேட்டவுடன், ‘இது சாக்கு’ என்று அடையாளம் கண்டால் அங்கேயே நின்றுவிடலாம்.

கழுதை சாக்கைச் சுமக்கும். உள்ளே என்ன இருக்கிறது என்று அதனால் கேட்க முடியாது. மனிதனால் கேட்க முடியும். கேட்காமல் சுமந்துவிட்டுப் பின்னர் சாக்குச் சொல்வதைத்தான் சட்டம் ஏற்க மறுக்கிறது.

முக்கோணத்தை உடைப்பது எப்படி?

குற்றத்தைச் சட்டமீறலாக மட்டும் பார்த்தால் நம்மிடம் இருக்கும் ஒரே கருவி தண்டனை. அது தேவை, ஆனால், குற்றம் நடந்த பிறகுதான் அது வேலை செய்யத் தொடங்கும். மூதாட்டியின் பணம் அதற்குள் போய்விடும். சமூகச் சிக்கலாகவும் பார்த்தால், முக்கோணத்தின் மற்ற பக்கங்களிலும் கைவைக்கலாம்.

சிங்கப்பூரில் அப்படிச் செய்யப்பட்டவை சிலவற்றைப் பாருங்கள். 2023 தொடக்கத்திலிருந்து, பதிவு செய்யாத நிறுவனப் பெயரில் வரும் குறுஞ்செய்திகளுக்கு ‘மோசடியாக இருக்கலாம்’ என்ற பொருள்படும் எச்சரிக்கை இடப்படுகிறது. வங்கிக் கணக்கில் ஒரு பகுதிப் பணத்தை இணையம்வழி எடுக்க முடியாதபடி பூட்டிவைக்கும் வசதி வந்துள்ளது. 2025 ஜூலையில் நடப்புக்கு வந்த மோசடிப் பாதுகாப்புச் சட்டம், ஏமாற்றப்படுகிறோம் என்பதையே நம்ப மறுப்பவரின் வங்கிப் பரிவர்த்தனைகளை 30 நாள் வரை நிறுத்திவைக்கக் காவல்துறைக்கு அதிகாரம் தருகிறது. தேவைப்பட்டால் அதை நீட்டிக்கலாம். இவை எல்லாம் ஆளில்லாத வாசலில் காவலை நிறுத்தும் முயற்சிகள்.

2025ன் முதல் பாதியில் பதிவான மோசடிகள் 19,665. முந்தைய ஆண்டின் முதல் பாதியில் அவை 26,587. இந்தச் சரிவுக்கு ஒரே காரணத்தைச் சொல்லிவிட முடியாது. ஆனாலும், குற்ற எண்ணிக்கை விதியால் எழுதப்பட்டதன்று. மனிதர் முயன்றால் அது இறங்கும் என்பது தெரிகிறது.

குற்றம் செய்தவரை என்ன செய்வது என்பதும் சமூகத்தின் கேள்விதான். 21 வயதுக்குக் குறைந்தவர்களுக்குத் தண்டனை விதிக்கும்போது, சீர்திருத்தமே பொதுவாக முதல் நோக்கம். தகுந்த வழக்குகளில் சிறைக்குப் பதிலாக நன்னடத்தைக் கண்காணிப்புக்கு நீதிமன்றம் உத்தரவிடலாம். சிறையிலிருந்து திரும்புவோருக்கு இரண்டாம் வாய்ப்பு தரும்படி சமூகத்தைக் கேட்கும் மஞ்சள் ரிப்பன் திட்டம் 2004ல் தொடங்கியது. வேலையும் உறவும் கிடைக்காதவர் பழைய வழிக்கே திரும்பக்கூடும். ஆகவே, மன்னிப்பதும் ஒருவகையில் குற்றத் தடுப்பே.

நீங்கள் செய்யக்கூடியவை

வங்கி அட்டை, மறைச்சொல், சிங்பாஸ், ஒருமுறை பயன்படுத்தும் குறியீட்டு எண், உங்கள் பெயரில் உள்ள சிம் அட்டை ஆகியவற்றை எவருக்கும் இரவல் தர வேண்டாம். நெருங்கிய நண்பர் கேட்டாலும் இதுவே பதில்.

ஏற்கெனவே கொடுத்துவிட்டீர்களா? பயந்து ஒளிக்க வேண்டாம். அன்றைக்கே பெற்றோரிடமோ ஆசிரியரிடமோ சொல்லுங்கள். வங்கியைத் தொடர்புகொண்டு கணக்கை முடக்கச் சொல்லுங்கள். காவல்துறையில் புகார் கொடுங்கள். ஒவ்வொரு மணி நேரமும் யாரோ ஒருவரின் சேமிப்பு அந்தக் கணக்கின் வழியாகப் போய்க்கொண்டிருக்கலாம்.

வீட்டில் தாத்தா பாட்டிக்குச் சந்தேகத்துக்குரிய அழைப்பு வந்தால், சிங்கப்பூரில் 1799 என்ற எண்ணை அழைத்துக் கேட்கலாம். மலேசியாவில் பணம் போய்விட்டால் உடனே அழைக்க வேண்டிய எண் 997. அதைவிட எளிய காவல் ஒன்று உண்டு: வாரம் ஒருமுறை அவர்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, “இந்த வாரம் யார் யார் கூப்பிட்டார்கள் பாட்டி?” என்று கேட்பது.

இனி, மாணவனின் கேள்விக்குப் பதில் சொல்லலாம். அவன் திருடவில்லை என்பது உண்மை. ஆனால், திருட்டுப் பணம் போகும் வழியைத் திறந்துவிட்டவன் அவன். திறக்கும் முன் கேட்டிருக்க வேண்டியதைக் கேட்கவில்லை. அது சட்டமீறல். அதற்கு அவன் பதில் சொல்லியாக வேண்டும். அவனைப் போன்ற ஆயிரக்கணக்கானோருக்கு ஏன் அந்த வழி அவ்வளவு எளிதாகத் திறந்தது, அந்த மூதாட்டியின் அருகில் ஏன் அன்று யாருமே இல்லை என்ற கேள்விகளுக்கு நாம் எல்லாரும் சேர்ந்துதான் பதில் சொல்ல வேண்டும்.

சொல் அறிவோம்

குற்றம்: சட்டம் தடைசெய்து, தண்டனையும் விதித்திருக்கும் செயல்.

உரிமை வழக்கு: இரு தரப்புக்கு இடையிலான உரிமை, கடன், இழப்பீடு பற்றிய வழக்கு.

கழுதைக் கணக்கு: குற்றப் பணத்தைக் கைமாற்றப் பயன்படும், வேறொருவர் பெயரில் உள்ள வங்கிக் கணக்கு.

குற்ற முக்கோணம்: குற்றம் செய்ய விரும்புபவர், தோதான இலக்கு, காவல் இல்லாத நிலை ஆகிய மூன்றும் சேர்வது.

சிந்தித்துப் பாருங்கள்

1. உங்கள் பள்ளியில் சைக்கிள் திருட்டு நடப்பதாக வைத்துக்கொள்வோம். குற்ற முக்கோணத்தின் மூன்று பக்கங்களையும் எழுதுங்கள். எந்தப் பக்கத்தை மிகக் குறைந்த செலவில் உடைக்கலாம்?

2. தவறு என்று நீங்கள் கருதியும், சட்டப்படி குற்றமாகாத செயல் ஒன்றைச் சொல்லுங்கள். அதைக் குற்றமாக்க வேண்டுமா? காரணம் தருக.

3. ஏமாற்றப்படும் ஒருவரின் விருப்பத்துக்கு மாறாக அவருடைய கணக்கைக் காவல்துறை நிறுத்திவைப்பது சரியா? இரு தரப்பு வாதங்களையும் வகுப்பில் கலந்துரையாடுங்கள்.